குட்டி விமானத்துக்கு எந்தப் பசை?

பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்திக் குட்டி விமானம் செய்யும் பெட்டி வீட்டுக்கு வந்ததும் பையன் தேடுவது கோந்துக் குப்பியை. அது இங்கே பலிக்காது. துண்டுகள் பாலிஸ்டைரீன், அதற்கென்றே உள்ள சிமெண்ட், அவற்றின் மேற்புறத்தை இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அளவு மிஞ்சினாலோ, இறக்கையே குழைந்துவிடும்!

குழாயில் வரும் கெட்டிச் சிமெண்ட் நூல் நூலாக இழுக்கும். ஜப்பானிய டாமியா கம்பெனியார் பச்சை மூடிக் குப்பியில் விற்கும் நீர்த்த ரகமே மேல் என்பேன். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, மூடியிலுள்ள தூரிகையால் இடுக்கைத் தொட்டால் போதும். தானே உள்ளே ஓடிவிடும். விரல் அங்கே இருந்தால் ரேகை பதிந்துவிடும், ஜாக்கிரதை! வர்ணம் பூசிய இடமானால் முதலில் சுரண்டிவிட வேண்டும். விமானியின் கண்ணாடிக் கூண்டுக்கு மட்டும் மரவேலைக்கான வெள்ளைப் பசை. சிமெண்ட் பட்டால் மங்கிவிடும்.

ஜன்னல் திறந்திருக்கட்டும். இதன் ஆவி தலைசுற்ற வைக்கும்; சுலபத்தில் தீயும் பற்றும். அடுப்புப் பக்கம் பையனை உட்காரவிடாதீர்கள்.