உங்களுக்குத் தெரியுமா? தூரத்துக் கணினிக்குள் நுழைய எத்தனை வழிகள்!

ஆரணிப் பட்டுக்கடையின் கணக்கை ஆடிட்டர் வேலூரில் இருந்தபடியே பார்த்துவிடுகிறார். அவர் நுழையும் வழி எது, அதில் எவ்வளவு தூரம் உள்ளே வர முடியும் என்பது கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

● தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கும் கணினிக்கும் உறவு உண்டு. 1804-இல் பிரான்சின் ஜோசப் மரி ஜக்கார்டு கொண்டுவந்த முறையில், அட்டையில் ஓட்டை இருந்தால் பாவு இழை மேலே எழும்பும். இல்லையென்றால் அப்படியே கிடக்கும். பின்னாளில் கணினிகளுக்குக் கட்டளை ஊட்டியதும் ஓட்டை போட்ட அட்டைகள்தான். மின்னணு ஜக்கார்டுக்கோ அட்டையே வேண்டாம், டிசைன் கோப்பு போதும். அதனால் டிசைனர் வெளியூரிலிருந்தே கடைக் கணினிக்குள் வந்து புட்டாவைத் திருத்தித் தர முடியும்.

● தூரத்திலிருந்து கணினியை இயக்கிக் காட்டிய முதல் நாள் 1940 செப்டம்பர் 11. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கூடியிருந்த கணித அறிஞர்கள் முன் ஆய்வாளர் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் ஒரு டெலிபிரிண்டரை வைத்தார். அதில் தட்டிய கணக்கு தொலைபேசிக் கம்பி வழியே நியூயார்க்கில் இருந்த இயந்திரத்துக்குப் போய், விடையோடு திரும்பியது.

● இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் 1969 அக்டோபர் 29 அன்று போன முதல் செய்தியே வேறோர் ஊர்க் கணினிக்குள் நுழையும் முயற்சிதான். ‘லாகின்’ என்று ஆங்கிலத்தில் தட்டத் தொடங்கினார்கள். இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து முழுதாக உள்ளே போனார்கள்.

● 1995 ஆகஸ்ட் 15-இல் அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இணையச் சேவையைத் தொடங்கியபோது சென்னையிலும் பலர் வாங்கியது ‘ஷெல்’ கணக்கு. வீட்டு மோடம் விஎஸ்என்எல் கணினியைக் கூப்பிடும். மின்னஞ்சலும் வலையும் அந்தக் கணினியில்தான் ஓடும். வீட்டுத் திரைக்கு வந்தது வெறும் எழுத்து, படம் கிடையாது.

● பழைய ‘டெல்நெட்’ முறையில் கடவுச்சொல் மறைப்பே இல்லாமல் கம்பியில் போகும். நடுவில் ஒட்டுக்கேட்பவர் அப்படியே படித்துவிடலாம். பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக வலையமைப்பில் இப்படித் திருட்டு நடந்ததும், அங்கிருந்த ஆய்வாளர் டாட்டு இலோனென் 1995-இல் ‘எஸ்எஸ்ஹெச்’ முறையை எழுதினார். இதில் எல்லாமே பூட்டிய நிலையில் போகும். உலகெங்கும் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் இன்றும் நம்பியிருப்பது இதைத்தான்.

● எழுத்து மட்டும் போகும் எஸ்எஸ்ஹெச்சுக்கு மெதுவான இணைப்பே போதும். திரையையே பார்க்க வேண்டுமானால் ‘விஎன்சி’, ‘ஆர்டிபி’ உண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒன்றில் பிறந்த விஎன்சி, திரையில் மாறிய பகுதிகளைப் படமாக அனுப்புகிறது. விண்டோஸின் ஆர்டிபி, தொடக்க காலத்தில் பல இடங்களில் படத்துக்குப் பதிலாக ‘இங்கே இந்த எழுத்தை வரை’ என்ற கட்டளையை அனுப்பிச் சுமையைக் குறைத்தது.

● ‘விபிஎன்’ தருவது ஒரு திரையை அல்ல, ஒரு வலையமைப்பையே. இணைந்தவரின் மடிக்கணினி அலுவலகத்துக்குள்ளேயே கம்பி மாட்டியது போல ஆகிவிடும். பிரிண்டர், கோப்புகள் எல்லாம் எட்டும். அந்த மடிக்கணினியில் வைரஸ் இருந்தால் அதற்கும் வழி திறந்துவிடும்.

● மொபைல் இணையத்தில் பெரும்பாலும் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறோம். வெளியிலிருந்து யாரும் நேரே நம் கருவிக்குள் வர முடியாது. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை இதை எப்படித் தாண்டுகின்றன? இரு முனைகளும் நடுவில் உள்ள சர்வரைத் தாங்களாகவே கூப்பிடுகின்றன. ஓர் எண்ணைக் கொண்டே இணைப்பைக் கோர முடிவது அதனால்தான்.

● தூரத்திலிருந்து பழுது பார்த்த பெருங்கதை வாயேஜர்-1 உடையது. 2023 நவம்பரில் அதன் கணினி நினைவகத்தின் ஒரு பகுதி கெட்டு, புரியாத தகவலாக அனுப்பத் தொடங்கியது. சுமார் 2,400 கோடி கி.மீ. தொலைவு, கட்டளை போய்ச் சேரவே 22 மணி நேரத்துக்கு மேல். நாசா பொறியாளர்கள் நிரலை நல்ல இடத்துக்கு மாற்றிவைக்க, 2024 ஏப்ரலில் விண்கலம் மீண்டும் தெளிவாகப் பேசியது.

● எனிடெஸ்க் போன்ற வசதியைத் திருடரும் பயன்படுத்துகிறார்கள். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இதைப் பற்றி எச்சரித்தது: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க்கை இறக்கச் செய்து, திரையில் தோன்றும் 9 இலக்க எண்ணைக் கேட்டு, கணக்கைக் காலி செய்கிறார்கள். செயலியில் குற்றமில்லை, எண்ணைப் பெற்றவர் யார் என்பதே கேள்வி. நாமாகக் கூப்பிட்ட, நமக்குத் தெரிந்த ஆளுக்கு மட்டும் எண்ணைக் கொடுங்கள். அவர் வேலை செய்யும்போது திரையைவிட்டு நகராதீர்கள். முடிந்ததும் இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.