சிற்றுருவங்களின் உறுதி

போரைப் பலகைமீது ஆடிப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் கட்டங்களிற் பரப்பிய சதுரங்கம் இந்திய நாட்டிற் பிறந்து, கி. பி. 6ஆம் நூற்றாண்டளவிற் பாரசீகத்தை அடைந்து, பின்னர் உலகெங்கும் பரவிற்று. சதுரங்கக் காய்களை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அவை பெரும்பாலும் குறுகியவை, அடி பருத்தவை, நீட்டிய கையோ ஏந்திய வேலோ இல்லாதவை. கையால் எடுத்து வைப்பதற்கும் பெட்டியிற் கொட்டுவதற்கும் இசைந்த வடிவம் அது. தலைமுறை கடந்தும் அவை முறியாதிருப்பதன் காரணம் இதுவே.

1824ஆம் ஆண்டிற் பிரசியப் படையதிகாரியான ரைஸ்விட்ஸ் வகுத்தளித்த போர்ப் பயிற்சி ஆட்டத்திலும் படையணிகளைச் சிறு கட்டைகளே குறித்து நின்றன. ஆனால், 1893இல் இலண்டன் மாநகரத்துப் பிரிட்டன் நிறுவனத்தார் உட்குழிவான ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கினர். அத்தகைய வீரர்களைக் கொண்டு ஆடும் முறையை எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் விளக்கினார். 1983இல் ‘வார்ஹாமர்’ என்னும் ஆட்டம் தோன்றியபின் இக்கலை மேலும் பெருகியது. இன்றைய சிற்றுருவங்கள் பெரும்பாலும் 28 மில்லிமீற்றர் உயரமே உடையன. அவ்வளவிலே விரல்களும் வேலும் கொடியும் உயிர்ப்புடன் விளங்குகின்றன. உண்மைத் தோற்றம் வளர வளர உறுதி குறைந்தது.

சென்ற நவராத்திரியின்போது கிருலப்பனையில் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கொலுவின் மேற்படியில் ஓரிடம் வெறுமையாயிருந்தது. அங்கிருந்த களிமண் சரசுவதியின் வீணைத் தண்டு முறிந்துவிட்டமையாற் பாட்டியார் அதனை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டார். பின்னப்பட்ட உருவத்தைக் கொலுவில் வைத்தல் ஆகாதென்பது அவர் கொள்கை. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அவ்வீட்டார் இழந்தவை பல. எஞ்சிய சிலவற்றுள் அப்பொம்மையும் ஒன்று. அடுத்த அறையிலே அவர் பேரன், நம் கல்லூரி மாணவன், பல மாதம் இருந்து வண்ணந் தீட்டிய படைவீரர் மேசைமீது நின்றனர். அவர்களுள் எழுவரிடம் வேல் இல்லை. வீணை முறிந்தது தண்டு குடத்தைச் சேருமிடத்தில். வேல்கள் முறிந்தவை கைப்பிடியை ஒட்டிய இடத்தில். இரண்டும் ஒரே நோய் என்பதை அப்பொழுதே உணர்ந்தோம். அந்நோயின் காரணத்தையும் மருந்தையும் ஈண்டு ஆராய்வாம்.

முறிவுக்குக் காரணம் மூன்று. முதலாவது பருமன். 28 மில்லிமீற்றர் உருவம் மனிதனில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. 3 சதமமீற்றர் பருமனுள்ள வேற்காம்பு அவ்வளவில் அரை மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். உருண்டையான காம்பு வளைவைத் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் மூன்றாம் அடுக்கிற்கேற்ப மாறும் என்பது பொறியியல் விதி. விட்டம் இருமடங்காயின் வலிமை எட்டு மடங்காகும். ஆகவே, வேலைச் சிறிது பருக்கச் செய்து ஒரு மில்லிமீற்றர் ஆக்கும் சிற்பி எட்டு மடங்கு உறுதியைப் பெறுகிறான்.

இரண்டாவது காரணம் நீளம். வேலின் நுனியிற் படும் விரல் நெம்புகோலை அழுத்தும் கைபோலாகின்றது. அவ்வழுத்தத்தின் முழுப்பயனும் வந்து சேருமிடம் காம்பின் அடியே. மூன்றாவது, கூரிய உள்மூலை. இரு பகுதிகள் செங்கோணமாய்ச் சந்திக்கும் மூலையிலும், கத்தி கீறிய வடுவிலும் தகைப்பு வந்து குவியும். கண்ணாடி தன் இயல்பான வலிமையினும் மிகக் குறைந்த விசைக்கே உடைவதன் காரணம் அதிலுள்ள நுண்ணிய வெடிப்புகளே என்று ஆங்கில அறிஞர் கிரிபித் 1921இல் விளக்கினார். சிற்றுருவத்துக்கும் அவ்விளக்கம் பொருந்தும்.

இனி, பொருள்களின் இயல்பு வேறுபடுவதையும் அறிதல் வேண்டும். ஈயம் எளிதில் வளையும்; பன்முறை வளைத்து நிமிர்த்தினால் முறியும். மென்மையான பொலித்தீன் வகை உருவம் முறியாது. ஆயின் வண்ணம் உதிரும், பசையும் பற்றாது. பொலிஸ்டைரீன் என்னும் வன்பிளாஸ்டிக் நடுத்தரமானது. அதற்குரிய கரைப்பான் இரு முகங்களையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். ரெசின் வகைகள் நுண்வேலைப்பாட்டிற் சிறந்தவை. ஆனால் அவற்றுட் பல கண்ணாடிபோல் நொறுங்குவன. ஒளியினால் இறுகும் ரெசினிற் பதித்தெடுத்த உருவத்தை அளவு கடந்து ஒளியில் வைத்தால் அது மேலும் நொறுங்குந் தன்மை அடையும். அதனால் அறிந்தோர் சிலர் வளையுந் தன்மையுள்ள ரெசினையும் சிறிதளவு கலந்து கொள்வர். இதனால் ஒன்று தெளிவாகும்: கடினம் வேறு, உறுதி வேறு. சிறிது வளைந்து கொடுக்க வல்லதே முறியாது நிற்கும்.

மருந்துகளுள் தலையாயது உள்ளெலும்பு. முறிந்த கை அல்லது தலையின் இரு முகங்களிலும் ஒரு மில்லிமீற்றர் துளையிட்டுப் பித்தளைக் கம்பியொன்றைப் பொருத்துதல் வேண்டும். துளையிடுவதற்கு விரலாற் சுழற்றும் கைத்துளைக் கருவியே ஏற்றது; மின்கருவி வெப்பத்தாற் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். இரு துளைகளும் நேராக அமைவதற்கு எளிய வழியுண்டு. ஒரு முகத்தில் வண்ணப் பொட்டு வைத்து மற்றதை அதன்மீது அழுத்தினால், பொட்டுப் பதிந்த இடமே துளைக்குரிய இடம். இடமிருப்பின் கம்பி இருபுறமும் மூன்று நான்கு மில்லிமீற்றர் புதைதல் நன்று. வேலையோ முழுதுமே வெட்டி நீக்கி, கைப்பிடியைத் துளைத்து உருக்குக் கம்பியைச் செருகலாம். மெல்லிய வீணைத் தந்தி இதற்கு மிகப் பொருத்தமானது. வளைத்துவிட்டால் மீண்டும் நிமிரும். அதன் முனையை அரத்தால் மழுக்குதல் கடமை. குழந்தைகள் வாழும் வீடு அன்றோ!

கொழும்பில் வாழ்வோர் இங்கு ஓர் எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். சாதாரண இரும்புக் கம்பியை உருவத்தினுட் புதைத்தல் ஆகாது. இரும்பு துருவாகுங்கால் பருமன் பெருகும். பெருகித் தன்னைச் சூழ்ந்ததைப் பிளக்கும். வெள்ளவத்தைக் கடலோரத்துப் பழைய வீடுகளின் கொங்கிறீற்று வெடித்து உதிர்வதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். ஆதலால் உள்ளெலும்புக்குப் பித்தளையே நன்று. வெளியே நிற்கும் உருக்குத் தந்திக்கும் வண்ணமும் மேற்பூச்சும் இட்டுக் காத்தல் வேண்டும்.

பசையைப் பற்றியும் சில சொல்வாம். நொடியில் ஒட்டும் சயனோவக்கிரிலேற்றுப் பசை 1958இல் விற்பனைக்கு வந்தது. அது காற்றின் ஈரத்தாலே இறுகுவது. நேராக இழுக்கும் விசையைத் தாங்கும். திடீர் அடிக்கும் உரிக்கும் விசைக்கும் தோற்கும். ஆகையால் அதனைத் தனியே நம்பாது கம்பியோடு சேர்த்தே பயன்படுத்துதல் முறை. விழுந்து அடிபடக்கூடிய மூட்டுகளுக்கு இருபகுதி எப்பொக்சிப் பசை மேலானது. அதே வகைப் பசைமாவை உள்மூலையிற் சிறிது அப்பி வளைவாக்கினாற் குவியும் தகைப்புப் பரவி அடங்கும். ரெசினைத் தேய்க்குங்கால் நீரில் நனைத்தே தேய்த்தல் வேண்டும். அதன் தூசு மூச்சுக்குக் கேடு.

முறிவுகளுட் பல விழுகையினால் வருவன. ஆகவே விழாதிருக்கச் செய்வதும் உறுதிப்படுத்தலே. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எவ்வளவு சாய்த்தாலும் அது நிமிர்வதற்குக் காரணம் அதன் கனமான அடி. சிற்றுருவத்தின் பீடத்தினடியில் உலோக வட்டொன்றை ஒட்டினால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து உருவம் எளிதிற் கவிழாது. அடியிற் காந்தமொட்டி இரும்புத் தகட்டுப் பெட்டியில் நிறுத்தினாற் கொண்டுசெல்லும்போது ஒன்றோடொன்று மோதாது. பஞ்சிற் பொதிதல் மட்டும் கூடாது. அதன் இழை நுண்விரல்களிற் சிக்கி முறித்துவிடும்.

இவற்றையெல்லாம் இக்காலத்தார் கண்டுபிடித்ததாக எண்ணுதல் தவறு. மண்குதிரை வனையும் குயவர் களிமண்ணோடு உமியையும் மணலையும் கலந்தனர். சோழர் காலத்து நடராச வடிவங்கள் பலவற்றில் விரிசடை சென்று திருவாசியைத் தொடுகின்றது. அது கண்ணுக்கு அழகு. விரிந்த மெல்லிய சடைக்குத் தாங்கலும் ஆகும். பொலன்னறுவையில் 1907, 1908ஆம் ஆண்டுகளிற் கிடைத்த சைவ வெண்கலத் திருவுருவங்களைக் கொழும்பு அரும்பொருட்சாலையிற் காணும் மாணவர், எவ்வுறுப்பு எதனால் தாங்கப்படுகிறது என்ற கண்ணோடும் காண்பாராக. பல நூற்றாண்டு மண்ணுள் இருந்தும் அவை நமக்கு எஞ்சியமை தற்செயல் மட்டுமன்று.

அம்மாணவன் முதலில் தன் வீரர் எழுவருக்கும் வேல் பொருத்திப் பழகினான். பின்னர் பாட்டியாரின் இசைவு பெற்று, வீணைத் தண்டினுட் பித்தளைக் கம்பியைப் புதைத்து எப்பொக்சியால் இணைத்தான். வெடிப்பை நிரப்பி வண்ணந் தீட்டினான். பாட்டியார் அதனைக் கையில் வாங்கி, முறிந்த இடத்தை விரலாற் பலமுறை தடவிப் பார்த்தார். “இனி இது பின்னமில்லை, மோனை,” என்றார். வருகின்ற நவராத்திரியில் மேற்படி வெறுமையாய் இராது.

இழப்பதற்குப் பெரிதும் உடையோர் முறிந்ததை எறிந்துவிட்டுப் புதியது வாங்கலாம். எஞ்சியது சிலவே என்னும் நிலையிலுள்ளார்க்கு அவ்வழி இல்லை. அவர்க்கு உரியது, எவ்விடம் முறியும் என்பதை முன்னரே அறிந்து அவ்விடத்தில் ஓர் எலும்பை வைக்கும் அறிவு.