பச்சை குத்தியதை அழிக்க வழி உண்டா?



கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் வயதான தாய்மாரின் முன்கையில் கோலமும் புள்ளியும் பெயரும் பச்சையாகத் தெரிவதை நாம் பார்த்திருக்கிறோம். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மோட்டார் ஊசியால் வண்ணப் படங்களைக் குத்திக்கொள்கிறார்கள். ஒருவர் பெயரைக் குத்திக்கொண்டபின் வேறிடத்தில் திருமணம் நிச்சயமானவர்களும், ராணுவ வேலைக்கு ஆயத்தமாகும் வாலிபர்களும், "இதை அழிக்க முடியுமா?" என்று கலக்கத்தோடு கேட்கிறார்கள். முடியும், ஆனால் பொறுமை வேண்டும்.

மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகிறது. மையோ அதற்குக் கீழே உள்தோலில் தங்கியிருக்கிறது. அங்கே சில செல்கள் அதை விழுங்கிப் பிடித்துக்கொள்கின்றன. அவை மடிந்தாலும் அடுத்து வரும் செல்கள் அதே மையை விழுங்குவதை 2018-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டார்கள். ஆகவே எத்தனை ஆண்டுகள் சென்றாலும் மை முழுவதும் மறைவதில்லை. சுண்ணாம்பு, ஆசிட், உப்புத்தாள், சூடு ஆகியவற்றால் அதை எடுக்க முயன்றால் தோல் வெந்து புண்ணாகும். மை போனாலும் தழும்பு நிலைத்துவிடும்.

இன்று சிறந்த முறை லேசர். ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே பாயும் ஒளி மையைப் பொடியாக்குகிறது. அந்தப் பொடியை உடல் மெதுவாக அகற்றுகிறது. அதனால் ஆறு முதல் எட்டு வார இடைவெளியில் பலமுறை செய்ய வேண்டும். ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நமது மாநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. ஆயினும் வெள்ளைத் திட்டோ கருமையோ வரக்கூடும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

பழைய பச்சைக்கு ஒரு நன்மை உண்டு. அகத்தி இலையும் மஞ்சளும் அரைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, அந்தக் கரியால் குறத்தியர் பச்சை குத்தியதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தம் நூல் தொகுதியில் எழுதினார். தோலுக்கடியில் இருப்பதால்தான் கரி பச்சையாகத் தெரிகிறது. கறுப்பு நிறம் லேசர் ஒளியை நன்றாக ஏற்பதால் அது எளிதில் மங்கும். இக்காலத்து மஞ்சள், பச்சை, இளநீல மைகள் அவ்வளவு எளிதில் போவதில்லை.

சிறிய குறியானால் அறுத்தெடுத்துத் தையல் போடலாம். கோடுபோல் ஒரு தழும்பு இருக்கும். அதன்மேல் வேறு படம் குத்தி மறைப்பதும் உண்டு. புதிய படம் பெரிதாகவும் கருமையாகவும் இருக்க வேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி மற்றவருக்குக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவும். ஒருநாள் விசேஷத்துக்கு மட்டுமானால் மறைக்கும் கிரீம் போதும்.

ராணுவத்தில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் உள்ள பச்சையை ஏற்கிறார்கள். வேறு இடத்தில் இருந்தால், சில பழங்குடியினர் தவிர மற்றவர்களை ஏற்பதில்லை. வேறு படத்தால் மறைப்பதும் அங்கே உதவாது. எனவே ஆள்சேர்ப்புக்கு ஓராண்டு முன்பாவது சிகிச்சையைத் தொடங்குவது நல்லது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையை ஏசினால் அவன் ஒளிந்து ஆசிட்டைத் தேடுவான். கடிந்துகொள்ளாமல் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ, வேறொரு தோல் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.