முத்திரையையும் பாருங்கள், சேலையையும் பாருங்கள்!

மகளின் திருமணத்திற்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் செல்கிறீர்கள். சேலையில் ‘சில்க் மார்க்’ முத்திரை தொங்குகிறது. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் வந்த இம்முத்திரை, நூல் தூய பட்டு என்பதற்கு மட்டுமே உறுதி. சரிகையின் தரம் என்ன, கரையும் உடலும் கோர்வையாக இணைக்கப்பட்டனவா என்பதை அது சொல்லாது. எனவேதான் வீட்டுப் பெரியவர்கள் சேலையைத் திருப்பியும் பார்க்கிறார்கள்.

பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும்போதும் இந்த விழிப்பு வேண்டாமா?

நீரையும் மின்சாரத்தையும் விரயமாக்காமல், கழிவை முறையாக அகற்றி நடக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இன்று தனித் தரவரிசைகள் உள்ளன. நம் நாட்டின் தேசியத் தரவரிசையிலும் 2025-இல் நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கெனத் தனிப்பிரிவு சேர்க்கப்பட்டு, சென்னை ஐ.ஐ.டி. முதலிடம் பெற்றது. இவை நல்ல முயற்சிகளே. ஆயினும் இடம் வேறு, செயல் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கிய ‘கிரீன்மெட்ரிக்’ பட்டியலை எடுத்துக்கொள்வோம். விரும்பிய பல்கலைக்கழகங்களே அதில் சேர்கின்றன. தம் விவரங்களைத் தாமே எழுதி, ஆதாரங்களுடன் அனுப்புகின்றன. பட்டியலில் பெயர் இல்லாததாலேயே ஒரு கல்விக்கூடத்தைக் குறைவாக எண்ண முடியாது. 2010-இல் 95 பல்கலைக்கழகங்கள் இருந்தன; 2023-இல் 1,183. கூட்டம் பெருகும்போது, முன்னேறிய பல்கலைக்கழகமும் இடத்தில் பின்தங்கலாம்.

எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதையும் கவனியுங்கள். 2023 பட்டியலில் எரிசக்திக்கும் பருவநிலைக்கும் நூற்றுக்கு 21. தண்ணீருக்கோ 10 மட்டுமே. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதைக் கண்ட காஞ்சிபுரம் மாவட்டத்தாருக்குத் தண்ணீர் அத்தனை சிறிய விஷயமா?

‘டைம்ஸ் ஹையர் எஜுகேஷன்’ நிறுவனத்தின் 2025 பட்டியல் இன்னொரு வகை. ஐ.நா.வின் 17 இலக்குகளுள் 17-ஆவது இலக்கிற்கு 22 விழுக்காடு. மற்றவற்றுள் ஒரு பல்கலைக்கழகம் சிறந்து விளங்கும் மூன்றுக்குத் தலா 26 விழுக்காடு. ஒன்று தண்ணீரால் உயர்ந்திருக்கும். அடுத்தது பாலினச் சமத்துவத்தால் உயர்ந்திருக்கும். இரண்டும் அடுத்தடுத்த இடங்களில் நிற்கும்!

ஆகவே, பெற்றோர்களே! விளம்பரத்தில் உள்ள எண்ணோடு நின்றுவிடாதீர்கள். நேரில் சென்று கேளுங்கள்: விடுதியின் கழிவுநீர் எங்கே போகிறது? மழைநீர் சேமிக்கப்படுகிறதா? உணவுக்கூடத்தில் மிஞ்சும் சோறு என்னாகிறது? மாணவர் ஒருவருக்கு ஆகும் மின்சாரம் ஆண்டுக்காண்டு குறைகிறதா? கணக்கை எடுத்துக் காட்டினால் மகிழுங்கள். சான்றிதழை மட்டும் காட்டினால் மீண்டும் கேளுங்கள்.

பல ஆண்டுகள் அங்கே வாழப்போவது உங்கள் பிள்ளை. அங்கிருந்து வெளியேறும் கழிவுநீர் சேரப்போவது யாரோ ஒருவரின் ஏரி. சேலைக்குக் காட்டும் அக்கறையை இதற்கும் காட்டுவோம்!