பொறிவண்டுக்கும் நேரம் போதாது

அவரைக் கொடியின் இளங்குருத்தைப் புரட்டிப் பாருங்கள். எள்ளை அப்பியதுபோல் கறுப்பாக அசுவினி மொய்த்திருக்கும். நடுவே குட்டி முதலை வடிவில் ஒரு புழு ஊர்ந்தால், அது பொறிவண்டின் இளம் பருவம். பாடநூலில் புலியும் மானுமாக வரும் வேட்டைக் கணக்கை இந்த இரண்டையும் வைத்தே பள்ளியில் போட்டுப் பார்க்கலாம்.

மூடியுள்ள ஐந்து தட்டுகளில் தலா ஓர் அவரை இலை வையுங்கள். அவற்றில் 5, 10, 20, 40, 80 என்று அசுவினிகளை மெல்லிய தூரிகையால் எடுத்து விடுங்கள். இரவு முழுக்கப் பட்டினி போட்ட, ஒரே அளவுள்ள புழுக்களைத் தட்டுக்கு ஒன்றாக விட்டு, மூன்று மணி நேரம் கழித்து மிச்சத்தை எண்ணுங்கள். அசுவினி மட்டும் உள்ள, புழு இல்லாத தட்டு ஒன்றும் வேண்டும். அசுவினி ஆண் துணையின்றியே குட்டி போடும். தானாகச் செத்தும் போகும். அந்தக் கூட்டல் கழித்தலை அறிய இந்தத் தட்டு உதவும்.

வைத்தது எத்தனை, தின்றது எத்தனை என்று வரைபடம் போட்டால், கோடு முதலில் விறுவிறுவென ஏறும். பிறகு தளர்ந்து படுத்துவிடும். காரணம் கேட்டால், "வயிறு நிறைஞ்சிடுச்சு சார்" என்பார்கள் பிள்ளைகள். அது பாதி விடைதான்.

மீதியைக் கனடாவின் சூழலியலாளர் சி. எஸ். ஹாலிங் 1959இல் காட்டினார். மூன்றடிச் சதுர மேசையில் உப்புத்தாள் வட்டுகளைக் குத்தி வைத்து, உதவியாளரின் கண்ணைக் கட்டி, ஒரு நிமிடம் தடவித் தேடி எடுக்கச் சொன்னார். வட்டுகள் கூடக்கூட எடுத்தவையும் கூடின. ஆனால் வேகம் குறைந்துகொண்டே வந்தது. இங்கே நிறைவதற்கு வயிறே இல்லை! வட்டு நெருக்கமானால் தேடும் நேரம் குறையும். எடுத்து ஒதுக்கும் நேரம் குறையாது. ஓர் அசுவினியைப் பிடித்துத் தின்ன இரண்டு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் இருந்தாலும் மணிக்கு முப்பதைத் தாண்ட முடியாது. வகுப்பில் இந்த வட்டு விளையாட்டையும் ஆடலாம்.

வயலில் அசுவினி மளமளவெனப் பெருகும்போது ஒரு வண்டு திணறுவது இதனால்தான். அப்போது வண்டுகளின் எண்ணிக்கை கூட வேண்டும். இரை மிகுந்த இடம் பார்த்துத் தாய்வண்டு முட்டையிடும். ஆனால் அவை பொரித்து வளர நாளாகும். அந்த இடைவெளியில் பூச்சிமருந்து அடித்தால் புழுக்களும் சாகும். தப்பிய அசுவினிக்குக் கேட்பாரில்லை.

ஆகவே, அசுவினியைக் கண்டதும் தெளிப்பானைத் தேடுமுன், குருத்தில் எத்தனை புழு என்று எண்ணச் சொல்லுங்கள். கோடு வரைந்த பிள்ளைக்கு அந்த எண்ணின் அருமை தெரியும்.