மமோகிராமில் தெரிந்த வெள்ளைப் புள்ளிகள்

2024 ஒக்ரோபர் முதல் ஒன்ராறியோவில் 40 வயதைத் தொட்ட பெண்கள், குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே மமோகிராமுக்குத் தாங்களே பதியலாம். முன்பு இந்த வசதி 50 வயதில்தான் தொடங்கியது. ஆகவே "கல்சியம் தெரியுதாம், பயொப்சி செய்யவேணுமாம்" என்ற பேச்சு ரொறன்ரோத் தமிழ் வீடுகளில் இனி அடிக்கடி கேட்கும். அதைக் கேட்டதும் பாலையும் கல்சியம் குளிசையையும் நிறுத்துவது வீண்வேலை. சாப்பிடும் கல்சியத்துக்கும் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் கல்சியத்துக்கும் தொடர்பில்லை.

இந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. அரை மில்லிமீற்றருக்கும் சிறிய புள்ளிகள் ஓரிடத்தில் கும்பலாக, ஒன்றுக்கொன்று வேறான வடிவத்தில், அல்லது பாற்குழாய் வழியே கோடுபோல இருந்தால்தான் கதிரியல் நிபுணர் யோசிக்கிறார். குழாயைவிட்டு இன்னும் வெளியேறாத புற்றுநோய் இப்படித் தன்னைக் காட்டலாம். பெரும்பாலும் கையில் கட்டி தட்டுப்படாது. அல்ட்ராசவுண்டிலும் பலவேளை தெரியாது. அதனால் மமோகிராம் இயந்திரத்தின் துணையோடுதான் திசுவெடுக்கும் பயொப்சி ஊசி போகவேண்டும்.

இருந்தபடியோ குப்புறப் படுத்தபடியோ மார்பைத் தட்டுகளுக்கிடையில் பிடித்து, இரண்டு கோணங்களில் படம் எடுப்பார்கள். கணினி ஆழத்தைக் கணக்கிடும். விறைப்பூசி போட்டபின் சில மில்லிமீற்றர் கீறல். பயொப்சி ஊசி ஒரே தடவை உள்ளே போகும். அதன் பக்கவாட்டில் ஒரு திறப்பு உண்டு. வெற்றிட உறிஞ்சல் திசுவை அதற்குள் இழுக்க, உள்ளே சுழலும் கத்தி வெட்டியெடுக்கும். திறப்பைத் திருப்பித் திருப்பிச் சுற்றிவரச் சேகரிப்பார்கள். சாதாரண ஊசி மெல்லிய துண்டுகளையே தரும், சிதறிய புள்ளிகளைத் தவறவிடலாம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இந்த வெற்றிட முறை வந்த பின் அந்தக் குறை வெகுவாகக் குறைந்தது.

எடுத்த துண்டுகளை அங்கேயே எக்ஸ்ரே பிடிப்பார்கள். என் கணிப்பில் முழு வேலையின் உயிர்நாடி இதுதான்: துண்டில் புள்ளி இல்லையென்றால், "புற்றுநோய் இல்லை" என்று வரும் முடிவை நம்பமுடியாது. பிறகு எள்ளளவு உலோக அடையாளமொன்றை உள்ளே விடுவார்கள். புள்ளிகள் எல்லாமே எடுபட்டிருந்தாலும், பின்னால் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் இடம் தெரியும்.

பயொப்சி நாளன்று பவுடரும் டியோடரண்டும் பூசவேண்டாம். படத்தில் அவையும் புள்ளிபோல விழும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும், தாங்களாக நிறுத்தக்கூடாது. பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். பிள்ளைகளை அந்த இடத்தில் நிறுத்துவது இரு பக்கத்துக்கும் பாரம். தையல் தேவைப்படாது, கன்றிய நிறம் சில நாள் இருக்கும்.

கல்சியத்துக்காகச் செய்யும் பயொப்சிகளில் பெரும்பாலானவை நோயில்லை என்றே முடிகின்றன. சிலவேளை இரண்டுங்கெட்டானாக, "இயல்பற்ற செல்கள்" என்று வரும். அப்போது சுற்றியுள்ள திசுவையும் சத்திரசிகிச்சையால் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.