விண்வழி வரும் பௌதிகம்

திருவள்ளூர் ஜில்லாவின் வடகோடியிலுள்ள கும்மிடிப்பூண்டியில் எஃகு ஆலைகள் பல உண்டு. அவற்றில் பழைய இரும்பை உருக்குவதற்கு விறகும் வேண்டாம், கரியும் வேண்டாம். உலையைச் சுற்றியுள்ள தாமிரச் சுருளில் மாறுதிசை மின்சாரம் பாய்கிறது. அதன் காந்த சக்தி இரும்புக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தூண்ட, இரும்பு தானே காய்ந்து உருகுகிறது. ஃபாரடே 1831-ல் கண்டறிந்த விதியின் பயன் இது. ஆனால் உலையருகே நிற்கும் வாலிபனுக்கு அவ்விதியைப் போதிப்பார் யார்? கலாசாலை திறந்திருக்கும் வேளையில் அவன் ஆலையில் இருப்பான். அல்லது இரவு முறை முடிந்து உறங்கிக் கொண்டிருப்பான்.

இத்தகையோருக்கு டெலிவிஷனையே ஆசிரியராக்கலாம் என்பது புதிய யோசனையன்று. 1958-ல் கலிபோர்னியா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹார்வி ஒயிட், அமெரிக்க மக்களுக்கு என்.பி.சி. ஒளிபரப்பில் காலை ஆறரை மணிக்குப் பௌதிகம் போதித்தார். நம் தேசத்தில் 1961-ல் டில்லிப் பள்ளிகளுக்குப் பௌதிக, ரசாயன பாடங்கள் ஒளிபரப்பாயின. 1984 சுதந்திர தினத்தன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் கலாசாலைப் பாடங்கள் தொடங்கின. அவற்றைத் தயாரித்தவர்களில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தாரும் உண்டு. 2017 ஜூலையில் 32 சானல்களுடன் 'ஸ்வயம் பிரபா' பிறந்தது. தினமும் நான்கு மணி நேரப் புதுப் பாடத்தை மேலும் ஐந்து முறை ஒளிபரப்புவது அதன் திட்டம். முறை மாறி உழைப்பவர்களுக்கு இது பெரிய அநுகூலமன்றோ?

கலாசாலை மண்டபத்தில் கால்வனாமீட்டர் முள்ளின் அசைவு முதல் பெஞ்சுக்காரருக்கே தெரியும். டெலிவிஷனிலோ அது எல்லோருக்கும் ஒன்றுபோல் தெரிகிறது. எனினும் குறைகள் இரண்டைச் சொல்லாதிருக்க நம்மால் இயலவில்லை. முதலாவது, உயர்தரப் பௌதிகப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. கேட்பவன் பாதிக் கவனத்தை விஷயத்திலும் பாதியைப் பாஷையிலும் செலவிட நேர்கிறது. இரண்டாவது, திரையைப் பார்த்துக் கைப்பழக்கம் வராது. சந்தேகம் கேட்டால் திரை பதில் சொல்லாது.

இவற்றுக்குப் பரிகாரம் நம் கையிலேயே இருக்கிறது. பாடங்களைத் தமிழறிந்த பேராசிரியர்கள் தமிழிலேயே நடத்த வேண்டும். அக்கம்பக்கத்துக் கலாசாலைகள் ஞாயிறுதோறும் தங்கள் ஆய்வுக்கூடங்களைத் தொழிலாளருக்குத் திறந்துவிட வேண்டும். ஆலை முதலாளிகளும் மாதத்தில் ஒரு நாள் அதற்கு விடுப்பளிக்கலாம். உலையைக் காப்பவன் அதன் தத்துவத்தையும் அறிந்தால், நாளை அதைவிடச் சிறந்த உலையை அவனே அமைத்துத் தரக்கூடும். தேசத்துக்கு அதைவிட லாபம் வேறுண்டோ?